ஒரு துண்டு ஈரலும் ஒரு சத்தியமும்

தும்யாத்
3 ஏப்ரல் 2012

ரஷாவின் அப்பாவுக்கு,

நலமா என்று கேட்க மாட்டேன். நலமில்லை என்பது ஊருக்கே தெரியும். கோபித்துக்கொண்டு அண்ணன் வீட்டில் வந்து உட்கார்ந்திருக்கும் பெண்டாட்டி தானாகக் கடிதம் எழுதுவது நம் பக்கத்து வழக்கமில்லை. புருஷன்தான் நாலு பெரிய மனிதர்களைக் கூட்டிக்கொண்டு வந்து, தலையைச் சொறிந்தபடி நின்று அழைத்துப் போக வேண்டும். ஆனால் உங்கள் வயிற்றில் மன்ஸலா ஏரியே குடியிருக்கிறது. நாலு படி ஏறினால் மூச்சு வாங்குகிற மனிதர் தும்யாத் வரை எங்கே வருவது? தொலைபேசியில் கூப்பிட்டாலும் எடுப்பதில்லை. அதனால் எழுதுகிறேன். மருமகன் ஹம்தி மீன் வண்டியில் கொண்டுவந்து தருவான். காகிதத்தில் மீன் வாடை அடித்தால் என்னைத் திட்ட வேண்டாம்.

அன்றைக்கு நடந்ததை இதற்குள் உங்களுக்கு வசதியாக மாற்றி வைத்திருப்பீர்கள். நானே சொல்கிறேன். உங்களிடம் சொல்லாமல் மன்சூரா ஆஸ்பத்திரிக்குப் போனது உண்மை. ரத்தம் கொடுத்துப் பார்த்தேன், உங்களுக்கும் எனக்கும் ஒரே வகை. உயிரோடு இருக்கிற ஒருவர் தன் ஈரலில் ஒரு துண்டு கொடுத்தால்தான் இனி உங்களுக்கு வழி என்று போன மாதம் டாக்டர் சொன்னபோது நீங்களும்தான் பக்கத்தில் இருந்தீர்கள். செத்தவர்களிடமிருந்து எடுத்து வைப்பது நம் நாட்டில் நடப்பதில்லை. ரஷாவுக்கு ரத்த வகை வேறு, கையில் பச்சைக் குழந்தையும் இருக்கிறது. உங்கள் தம்பிகள் இரண்டு பேருக்கும் உங்களுக்கு இருக்கிற அதே நோய். மிச்சம் யார்? நான்தானே.

என் பையில் அந்தச் சோதனைக் காகிதத்தைப் பார்த்தீர்கள். ஸப்ரி அண்ணன் விருந்தாளியாக வந்து உட்கார்ந்திருக்கிறார் என்றும் பாராமல் எழுந்து நின்று, "எனக்காக நீ கத்திக்குக் கீழ படுத்தா உனக்கு மூணு தலாக்" என்று சத்தியம் போட்டீர்கள். இருபத்து நாலு வருடக் குடித்தனத்தில் அந்த வார்த்தை உங்கள் வாயில் வந்ததே இல்லை. அண்ணன் மட்டும் நிதானமாகக் கேட்டார், "மச்சான், ஷேக்கிட்ட கேப்போம். சத்தியத்தால தலாக் விழாதுன்னு அவர் சொல்லிட்டா ஆஸ்பத்திரிக் காகிதத்துல கையெழுத்துப் போடுவீங்களா?" போடுவேன், ஆம்பளை வாக்கு என்றீர்கள். தலாக் சத்தியத்தை மார்க்கத் தீர்ப்புச் சொல்லும் எந்த ஷேக்காலும் அசைக்க முடியாது என்று அவ்வளவு தைரியம். நான் பையைத் தூக்கிக்கொண்டு அண்ணனோடு கிளம்பினேன்.

ஷேக்கைப் பார்க்கப் போகிறேன். நீர் மாத்திரையைக் காலையில் போடுங்கள். சாயங்காலம் போட்டால் ராத்திரி முழுக்க எழுந்து நடக்க வேண்டியிருக்கும்.

அவாதிஃப்


மதரிய்யா
6 ஏப்ரல் 2012

அவாதிஃபுக்கு,

கடிதம் வந்தது. மீன் வாடைதான் அடித்தது, உன் வாடை அடிக்கவில்லை. அதுதான் குறை.

தொலைபேசியை ஏன் எடுப்பதில்லை என்று கேட்டாய். உன் குரலைக் கேட்டால் நான் தோற்றுவிடுவேன். காகிதத்தில் என்றால் கொஞ்சம் தாக்குப்பிடிக்கலாம்.

முந்தாநாள் மறுபடி வயிற்றிலிருந்து நீர் எடுத்தார்கள். ஒன்றரை வாளி. எடுத்துவிட்டு, அதற்கு ஈடாகக் கையில் ஒரு மருந்து ஏற்றினார்கள். வீட்டுக்கு வரும்போது இருபது வயதுப் பையனைப் போல நடந்து வந்தேன். இரண்டு நாளில் திரும்பவும் ஊற ஆரம்பித்துவிட்டது. நான் படகுக்காரன், இது எனக்குப் புரியாதா? பலகை உளுத்துப்போன படகில் உட்கார்ந்து நீரை இறைத்துக் கொட்டுகிற வேலைதான் இது.

அங்கே ஒரு சின்ன டாக்டர், ஈரலுக்குள்ளே ஒரு குழாய் வைத்தால் நீர் சேர்வது குறையும் என்றான். நான் வாயைத் திறப்பதற்குள் பெரிய டாக்டர் குறுக்கே வந்து, "இவருக்கு ஏற்கெனவே அப்பப்ப புத்தி கலங்குது. குழாய் வச்சா பெண்டாட்டி பிள்ளையே அடையாளம் தெரியாமப் போயிடும்" என்றார். குழாயும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம் என்று வந்துவிட்டேன். மாரிக்காலத்தில் ரத்த வாந்தி எடுத்தபோது தொண்டைக்குள் குழல் விட்டு நரம்புக்கு வளையம் போட்டார்களே, அதைத் திரும்பப் பார்க்க அடுத்த மாதம் வரச் சொல்லியிருக்கிறார்கள். ஒரு வருடம் வாராவாரம் ஊசி போட்டு, காய்ச்சலில் கிடந்து, முடி கொட்டி, கடைசியில் கிருமி போகவில்லை என்று கை விரித்தார்களே, அது நினைவிருக்கிறதா? இப்போது ஏதோ புது மாத்திரை வரப்போகிறதாம். கிருமி போனாலும் கருகிப்போன ஈரல் துளிர்க்காது என்று அவரே சொல்லிவிட்டார்.

இதெல்லாம் என் வயிற்றின் கதை. சின்ன வயதில் ஏரியில் குளித்தவன் நான். பள்ளிக்கூடத்தில் வரிசையில் நின்று ஏரிப் புழுவுக்கு ஊசி போட்டுக்கொண்டவன் நான். நல்லதுக்குத்தான் போட்டார்கள், ஆனால் ஒரே ஊசி எத்தனை பேர் கைக்குள் போனதோ, அதில்தான் இந்த ஈரல் கிருமி ஏறியது. இதில் நீ எங்கே வந்தாய்? உன்னை எதற்கு அறுக்க வேண்டும்?

வலைக்கார ரம்ஸியை மறந்துவிட்டாயா? தம்பிக்குப் பாதி ஈரலைக் கொடுத்தான். தம்பி மாதம் முடிவதற்குள் போய்விட்டான். ரம்ஸி இன்றைக்கும் ஒரு கையால் விலாவைப் பிடித்துக்கொண்டுதான் வலை இழுக்கிறான். கொடுக்கிறவருக்கும் உயிர் போகலாம் என்று டாக்டர் சொன்னபோது நீ சன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாய். நான் உன்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஷேக்கைப் போய்ப் பார். தாராளமாகப் பார். வெறுங்கையோடுதான் வருவாய்.

ரஷா சமைக்கிறாள். உப்பில்லாமல் நீ சமைத்தால் அது சாப்பாடு. அவள் சமைத்தால் அது மருந்து.

மெத்வல்லி


தும்யாத்
11 ஏப்ரல் 2012

ரஷாவின் அப்பாவுக்கு,

வெறுங்கையோடு வரவில்லை. பாதிக் கை நிறைந்து வந்திருக்கிறேன். மீதிப் பாதி உங்களிடம் இருக்கிறது.

அண்ணன் கூட வந்தார். ஷேக் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். நான் எதையும் ஒளிக்கவில்லை, நீங்கள் சொன்ன வார்த்தையை அப்படியே சொன்னேன். சொல்லும்போது மானம் போயிற்று. அவர், "உன் புருஷன் உன்னைத் தடுக்கறதுக்காகச் சொன்னாரா, இல்ல உன்னை விட்டுடணும்னே நெனச்சுச் சொன்னாரா?" என்று கேட்டார். தடுக்கத்தான் என்றேன். "அதை நீ சொல்லக் கூடாதும்மா. அவர் நெஞ்சுல என்ன இருந்ததுன்னு அவர் வாயால சொல்லணும்" என்றார்.

தடுப்பதற்காகத்தான் என்றால் அது வெறும் சத்தியம். நான் போய்ப் படுத்தால் சத்தியம் முறியும், பத்து ஏழைகளுக்குச் சாப்பாடு போட்டால் தீர்ந்தது. நிஜமாகவே விடுகிற எண்ணத்தில் சொல்லியிருந்தால், நான் மேசையில் படுத்த நிமிடமே தலாக் விழுந்துவிடும். இவ்வளவுதான் விஷயம். நீங்கள் இங்கே வர வேண்டியதில்லை. மன்ஸலா ஊரிலேயே ஒரு ஷேக் இருக்கிறார், அவரிடம் போய்ச் சொன்னால் போதும் என்றார்.

மன்சூராவில் ஞாயிற்றுக்கிழமை எனக்குப் படம் எடுக்கிறார்கள். அந்தப் பெரிய எந்திரத்துக்குள் அனுப்பி ஈரலை அளப்பார்களாம். அளந்து பார்ப்பதைத் தடுக்க உங்கள் சத்தியத்தில் வார்த்தை இல்லை, நான் யோசித்துப் பார்த்துவிட்டேன்.

ரம்ஸியைச் சொன்னீர்கள். சரி. அதே ஆஸ்பத்திரியில், அப்பாவுக்கு ஈரல் கொடுத்துவிட்டு இரண்டு வருடம் கழித்துக் கைக்குழந்தையோடு வந்திருந்த பெண்ணை நான் பார்த்தேன். அவள் அப்பா பக்கத்தில் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார். உங்கள் கண்ணுக்கு ஒருவன் தெரிகிறான், என் கண்ணுக்கு ஒருத்தி தெரிகிறாள். பயம் எனக்கும் உண்டு. நீங்கள் இல்லாத வீட்டை நினைத்தால் வருகிற பயம் அதைவிடப் பெரியது.

திங்கட்கிழமை வசந்தப் பண்டிகை. ஊர் முழுக்க ஃபஸீக் நாறும். அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்காதீர்கள். அது மீனல்ல, மீன் வடிவத்தில் இருக்கிற உப்பு.

அவாதிஃப்


மதரிய்யா
14 ஏப்ரல் 2012

அவாதிஃபுக்கு,

ஷேக் நல்ல மனிதர். எனக்கு வழி காட்டிவிட்டார்.

மன்ஸலாவுக்குப் போகிறேன். உட்கார்ந்து, "ஆமாம் ஷேக், விடுற எண்ணத்துலதான் சொன்னேன்" என்று சொல்லப்போகிறேன். முடிந்தது கதை. நீ படுத்தால் தலாக். தலாக் ஆனால் நீ என் மனைவி இல்லை. மனைவி இல்லாதவளிடம் அந்த ஆஸ்பத்திரியில் ஈரல் வாங்க மாட்டார்கள், ரத்த உறவும் கட்டிய துணையும் மட்டும்தான் என்று சுவரிலேயே எழுதி ஒட்டியிருக்கிறது. முன்னால் போனாலும் சுவர், பின்னால் போனாலும் சுவர். உன் அண்ணனுக்குக் கொடுத்த வாக்கையும் நான் மீறவில்லை. ஷேக் சொன்னபடிதான் நடப்பேன்.

பொய் என்று சொல்வாய். இருக்கட்டும். இந்த ஒரு பொய்க்கு அல்லாஹ்விடம் நானே கணக்குச் சொல்லிக்கொள்கிறேன். நீ உன் வயிற்றோடு முழுசாக இரு.

அந்த ஆரஞ்சு உரித்த மனிதரைப் பற்றி எழுதியிருக்க வேண்டாம். இரண்டு நாளாக அவர்தான் மனசில் உட்கார்ந்திருக்கிறார்.

மெத்வல்லி

ஃபஸீக் பற்றி ஒன்றும் சொல்ல மாட்டேன். தம்பி வீட்டில் போன மாதமே மடவை மீனை உப்பில் அடுக்கிவிட்டார்கள். சுவர் தாண்டி வாடை வருகிறது. வெங்காயத்தோடு ஒரே ஒரு விள்ளல் என்றால் யார் செத்துப்போனார்கள்?


மதரிய்யா

அவாதிஃப்

உப்பு ஜாடியை எங்கே வைத்தாய். அடுப்படியில்தானே இருக்கிறாய், பாத்திரச் சத்தம் கேட்கிறது, கூப்பிட்டால் ஏன் பதில் இல்லை. பால்காரன் வந்து நிற்கிறான். படகைக் கட்டிவிட்டேனா என்று தெரியவில்லை, நீ போய்ப் பார், ஈரத்தில் செருப்பில்லாமல் போகாதே.

கல்யாணத்துக்கு வந்தவர்கள் இன்னும் போகவில்லையா. அறை முழுக்க ஆட்கள். உன் அப்பாவிடம் சொல், நான் நன்றாகப் பார்த்துக்கொள்வேன், நகை மட்டும் கொஞ்சம்தான் போட முடியும். நீ அந்த மஞ்சள் சட்டையில் இருக்கிறாய்.

ஒருவர் வந்து உன் பெண்டாட்டியை விட்டாயா விட்டாயா என்று கேட்கிறார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இவளை விட்டுவிட்டு நான் எங்கே போவேன், வழிகூடத் தெரியாதே எனக்கு. நீயே சொல் அவருக்கு. கை ஆடுகிறது பேனா


தும்யாத்
24 ஏப்ரல் 2012

ரஷாவின் அப்பாவுக்கு,

இப்போது தெளிவாக இருக்கிறீர்கள் என்று ரஷா சொன்னாள். அதனால் நடந்ததை எழுதுகிறேன். உங்களுக்கு எதுவும் நினைவிருக்காது.

பண்டிகைக்கு மறுநாள் ஹம்தி உங்கள் கடிதத்தைக் கொண்டுவந்தான். மாமா எழுதி மடித்துத் தந்தார், நான் படிக்கவில்லை என்றான். முதல் வரியைப் பார்த்ததுமே உங்களுக்கு மறுபடி புத்தி கலங்கிவிட்டது என்று தெரிந்துவிட்டது. தேதி இல்லை. எழுத்தெல்லாம் கீழ்நோக்கி வழிந்திருந்தது. அங்கேயே நின்று ரஷாவைத் தொலைபேசியில் கூப்பிட்டு, "அப்பாவைக் கை நீட்டிக் காட்டச் சொல்லு, கை படபடன்னு அடிக்குதா பாரு" என்றேன். அடிக்கிறது என்றாள். அந்த இனிப்பு மருந்தைக் கொடுத்தாயா, வயிறு போயிற்றா என்று கேட்டால், அப்பா நாலு நாளாக வேண்டாம் என்று தள்ளிவிட்டார் என்கிறாள். தினமும் இரண்டு மூன்று தடவை வயிறு கழிந்தாக வேண்டும், இல்லாவிட்டால் அழுக்கு தலைக்கு ஏறும் என்று எத்தனை முறை சொல்லியிருக்கிறேன். இதில் ஃபஸீக் வேறு. ஒரு விள்ளலா? ரஷா முள்ளை எண்ணினாளாம், முழுசாக ஒரு மீன்.

ஆஸ்பத்திரிக்கு நானும் வந்தேன். ஆமாம், கோபித்துக்கொண்டு போனவள்தான் வந்தேன். வயிற்று நீரில் கிருமி சேர்ந்திருக்கிறது என்று நரம்பில் மருந்து ஏற்றினார்கள். தலைமாட்டில் நான்தான் இருந்தேன். நீங்கள் என்னைப் புதுப் பெண்டாட்டி என்றே நினைத்துக்கொண்டு, வெட்கப்பட்டு, போர்வையைச் சரிசெய்தீர்கள். நர்ஸிடம், "இவங்க வீட்ல இன்னும் பேசி முடிக்கல, அதுக்குள்ள வந்துட்டா பாருங்க" என்று குறை சொன்னீர்கள். நான் சிரித்தேன், அப்புறம் கழிவறைக்குப் போய் அழுதேன். மூன்றாம் நாள் காலையில் ரஷாவைப் பேர் சொல்லிக் கூப்பிட்டீர்கள் என்றதும் கிளம்பிவிட்டேன். தெளிந்த கண்ணோடு என்னைப் பார்த்து நீங்கள் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், சத்தியத்துக்குப் பதில் கிடைக்காமலே நான் அங்கேயே தங்கியிருப்பேன்.

உங்கள் கடிதத்தை அண்ணன் படித்துவிட்டு, இதையே ஷேக்கிடம் காட்டலாம், மச்சான் மனசில் இருப்பது இதில் இருக்கிறது என்றார். நான் கொடுக்கவில்லை. புத்தி கலங்கியவர் சொன்னது சாட்சி ஆகாது. ஆகும் என்றாலும் கொடுத்திருக்க மாட்டேன், அது எனக்கு எழுதியது.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். இந்தக் கடிதத்தில் ஈரலைப் பற்றி நான் ஒரு வார்த்தை பேசவில்லை, கவனித்தீர்களா? மன்ஸலாவுக்குப் போங்கள். நெஞ்சில் என்ன இருந்ததோ அதைச் சொல்லுங்கள். பொய் சொல்வதென்றாலும் போய் அவர் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள். இப்படி மனைவியும் இல்லாமல், விட்டவளும் இல்லாமல் அண்ணன் வீட்டில் படுத்துக்கிடக்க என்னால் முடியவில்லை.

அவாதிஃப்


மதரிய்யா
30 ஏப்ரல் 2012

அவாதிஃப்,

போய்விட்டு வந்தேன்.

ஹம்தி வண்டியில் முன்னால் உட்காரவைத்து, வயிற்றுக்கு ஒரு தலையணை கொடுத்தான். வழியெல்லாம் பொய்யைச் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். விடுற எண்ணத்துலதான் சொன்னேன் ஷேக், விடுற எண்ணத்துலதான். ஹம்திக்குக் கேட்டிருக்கும்.

ஷேக் சின்ன வயசுக்காரர், எனக்கு மகன் இருந்தால் அந்த வயசு இருக்கும். என் நிலைமையைப் பார்த்துவிட்டு எழுந்து வந்து என் பக்கத்திலேயே உட்கார்ந்தார். நான் நினைத்த மாதிரி அவர் கேட்கவில்லை. அப்படிக் கேட்டிருந்தால் என்னிடம் பதில் தயாராக இருந்தது. "பெரியவரே, அந்த வார்த்தையைச் சொன்னீங்களே, அந்த நேரத்துல, இந்தம்மா நம்ம வீட்ல இல்லாமப் போகட்டும்னு மனசு நெனச்சுதா?" என்றார்.

நான் வாயைத் திறந்தேன். அவாதிஃப், நான் எடை குறைத்து மீன் விற்றிருக்கிறேன். வலை அளக்க வந்த அதிகாரியிடம் கண்ணை விரித்துப் பொய் சொல்லியிருக்கிறேன். உன் அம்மா செய்த மீன் சோறு நன்றாக இருக்கிறது என்று வருடக்கணக்காகச் சொல்லியிருக்கிறேன். இந்த ஒரு பொய் மட்டும் தொண்டையைத் தாண்டவில்லை. "இல்ல. அவ இல்லாமப் போயிடுவாளோங்கற பயத்துலதான் சொன்னேன்" என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகு அழுதேன். அந்தச் சின்னப் பையன் முன்னால், வேட்டுவன் வலையில் சிக்கிய வாத்து மாதிரி உட்கார்ந்து அழுதேன். அவர் தண்ணீர் கொடுத்தார். தலாக் விழாது, உங்கள் மனைவி ஈரல் கொடுக்கப் படுத்தால் பத்து ஏழைகளுக்குச் சாப்பாடு போடுங்கள் என்றார்.

நீ ஜெயித்துவிட்டாய். உன் அண்ணனிடம் சொல், கையெழுத்துப் போடுகிறேன். எங்கே போட வேண்டுமோ அங்கே போடுகிறேன். ஆனால் எனக்குப் பயமாக இருக்கிறது. எனக்கு ஏதாவது ஆகிவிடும் என்று இல்லை. மயக்கம் தெளிந்து கண்ணைத் திறக்கும்போது, நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்டு, யாரும் பதில் சொல்லாமல் தரையைப் பார்த்தால் நான் என்ன செய்வேன்? உன் துண்டு ஈரலை உள்ளே வைத்துக்கொண்டு, நீ இல்லாமல் நான் உயிரோடு இருக்க வேண்டுமா? இதை நினைத்துத்தான் அன்றைக்கு எழுந்து நின்று கத்தினேன். அவ்வளவுதான் என் கோபம்.

எந்த நாள் என்று எழுது. வருகிறேன்.

உன் மெத்வல்லி


தும்யாத்
2 மே 2012

என் மெத்வல்லிக்கு,

இன்றைக்கு ரஷாவின் அப்பாவுக்கு எழுதவில்லை, உங்களுக்கு எழுதுகிறேன். உட்கார்ந்து படியுங்கள். பக்கத்தில் ரஷா இருந்தால் போகச் சொல்லுங்கள்.

நீங்கள் எங்கேயும் கையெழுத்துப் போட வேண்டாம். அவர்கள் என்னை வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

பண்டிகைக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை படம் எடுத்தார்களே, அதன் முடிவு வந்தபோது நீங்கள் ஆஸ்பத்திரியில் தெளியாமல் கிடந்தீர்கள். என்னைச் சோதித்த டாக்டரம்மா என்னைத் தனியாக உட்காரவைத்துச் சொன்னார். உங்கள் உடம்புக்கு என் ஈரலின் வலப்பக்கம் முழுசாக வேண்டுமாம். அதை எடுத்துவிட்டால் எனக்கு மிஞ்சுவது மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. நான் குள்ளம், நீங்கள் ஒட்டகம். சின்னப் பக்கத்தைக் கொடுத்தால் உங்களுக்குப் போதாது, பெரிய பக்கத்தைக் கொடுத்தால் எனக்குப் போதாது. மறுபடி அளந்து பாருங்கள் என்று சண்டை போட்டேன். அளந்தார்கள். அதேதான் வந்தது. நானே எழுதிக் கொடுக்கிறேன், செத்தால் என் பொறுப்பு என்றேன். அந்தம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்களைக் கொன்னு அவரைக் காப்பாத்துறதுக்குப் பேரு வைத்தியம் இல்லம்மா" என்றார்.

மன்ஸலாவுக்குப் போங்கள் என்று உங்களுக்கு எழுதியபோது இது எனக்குத் தெரியும். தெரிந்துதான் எழுதினேன். என்னைத் திட்டுங்கள். ஆனால் நீங்கள் அந்த ஷேக்கிடம் போய், இவளை விடத்தான் நினைத்தேன் என்று சொல்லிவிடுவேன் என்று எழுதியிருந்தீர்கள். அது பொய் என்று என் அறிவுக்குத் தெரியும், மனசுக்குத் தெரிய வேண்டாமா? ஈரல் வேலைக்கு ஆகாது என்று ஆன பிறகு எனக்கு மிச்சமிருந்தது அந்த ஒரு பதில்தான். அதை நீங்கள் தெளிந்த புத்தியோடு சொல்ல வேண்டும் என்று ஆசைப்பட்டேன். அந்தப் பதில் வந்த கடிதத்தை எத்தனை தடவை படித்தேன் என்று சொல்ல மாட்டேன், உங்களுக்குத் தலைக்கனம் ஏறிவிடும்.

நீங்கள் இதைப் படித்துவிட்டு நிம்மதியாக மூச்சு விடுவீர்கள். எனக்குத் தெரியும். விடுங்கள். அழுவதற்கு நான் இருக்கிறேன், ஏற்கெனவே நிறைய அழுதும் விட்டேன். கொடுப்பதற்கு வேறு யாராவது கிடைப்பார்களா என்று அண்ணன் விசாரித்துக்கொண்டுதான் இருக்கிறார். உங்கள் சித்தப்பா மகனிடம் பேசியிருக்கிறார், அவன் மனைவி வேண்டாம் என்கிறாளாம். அவளை நான் குறை சொல்ல மாட்டேன். கிடைத்தால் அல்லாஹ்வின் கருணை. கிடைக்காவிட்டால், நீரை எடுப்பார்கள், ஊறும், மறுபடி எடுப்பார்கள். நரம்புக்கு வளையம் போடுவார்கள். அந்த இனிப்பு மருந்தை நானே உங்கள் வாயில் ஊற்றுவேன், நீங்கள் முகத்தைச் சுளிப்பீர்கள். எவ்வளவு காலம் என்று டாக்டரம்மாவிடம் கேட்டேன். அவர் சொல்லவில்லை. நானும் திரும்பக் கேட்கவில்லை.

சத்தியம் முறியவில்லை, அதனால் பத்து ஏழைச் சாப்பாடு நம் மேல் கடனில்லை. ஆனாலும் போடுவோம். மடவை மீனைச் சுட்டு, நான் சோறு வடிக்கிறேன். அவர்களுக்கு உப்புப் போட்டு, உங்களுக்குப் போடாமல்.

அண்ணன், மச்சான் வந்து முறைப்படி அழைக்கட்டும், நாலு பேரைக் கூட்டி வரட்டும், அதுதான் மரியாதை என்கிறார். அவர் மரியாதையை அவரே வைத்துக்கொள்ளட்டும். நீங்கள் அந்த வயிற்றைத் தூக்கிக்கொண்டு எங்கேயும் வர வேண்டாம். வெள்ளிக்கிழமை ஹம்தி வண்டியில், மீன் கூடைகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து நானே வருகிறேன். தெருவில் யாராவது சிரித்தால் சிரிக்கட்டும். என் ஈரலைத்தான் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். மீதியெல்லாம் அப்படியே இருக்கிறது. அதைக் கொண்டுவருகிறேன்.

உங்கள் மனைவி
அவாதிஃப்